யாரும் கேட்காத ரவா தோசை

அன்புள்ள செந்தில்,

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து நீ போன் செய்தபோது என்னிடம் மூன்று வேலை சொன்னாய். உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் படித்துப் பிழை பார்க்க வேண்டும். மஞ்சக்குப்பத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஓட்டலில் உங்கள் கம்பெனி வைத்திருக்கும், விரலால் தொட்டு ஆர்டர் சொல்லும் மேசைத் திரைகளை அம்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். சிதம்பரம் மேல வீதி ஓட்டல் முதலாளி எனக்குப் பழக்கம் என்பதால், அங்கேயும் அந்தத் திரைகளை வைத்துக்கொள்ளும்படி அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூன்றையும் இந்த ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். ஆனால் மூன்றாவது வேலை நீ நினைத்தபடி நடக்கவில்லை, நான் நினைத்தபடியும் நடக்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். பத்து வருடத்துக்கு முன் ஒரு மனிதர் என்னால் ஓர் இடத்தை இழந்தார். அது அவருக்குத் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இப்போது உன் கையில் இருக்கிறது. முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நிருபர் வேலையில் வந்த பழக்கம். மற்றதை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு மஞ்சக்குப்பம் போனோம். கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் போகிறவர்கள் சாப்பிட வரும் நேரம். உள்ளே நுழைந்தபோது "வாங்க" என்று சொல்ல ஆளில்லை. வாசலில் நின்ற திரை எத்தனை பேர் என்று கேட்டது. இரண்டு என்று தொட்டேன். பதினொன்றாம் மேசை என்று அம்புக்குறி போட்டது. உண்மையைச் சொல்கிறேன், நான் குறை கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன். சட்டைப் பையில் சின்ன நோட்டும் இருந்தது. உட்கார்ந்ததும் ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டு எனக்குக் கண் கூசியது. அதனால் அதை உன் அம்மா பக்கம் திருப்பி வைத்தேன். அது ஒன்றுதான் அன்று நான் செய்த காரியம். மற்றதையெல்லாம் அவள் செய்தாள். வழக்கம்போல "உனக்கு ரெண்டு இட்லி" என்று ஆரம்பித்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருங்க, படிக்கிறேன்" என்றாள்.

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு ஓர் இடத்தைத் தொட்டாள். ரவா தோசை. அது உடனே ஒரு கேள்வி கேட்டது, வெங்காயம் வேண்டுமா என்று. அவள் யோசித்து, வேண்டும் என்றாள். முறுகலாகவா, மெத்தென்றா? முறுகலாக. மிளகு முழுசாகவா, பொடித்தா? இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். முழுசாக. எந்தச் சட்னி? தேங்காயும் காரமும். இப்படி ஏழு நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். செந்தில், கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களை எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் மனுவைத் தானே எழுதுகிற ஆளின் முகத்தில் ஒரு கவனம் இருக்கும், ஒரு கால் புள்ளிகூடத் தவறிவிடக் கூடாது என்கிற கவனம். அந்த முகத்தை அன்று உன் அம்மாவிடம் பார்த்தேன். கடைசியில் திரை அவள் பெயரைக் கேட்டது. ஒரே விரலால் அடித்தாள். "நன்றி, வசந்தா" என்று எழுத்து வந்தது. அவள் சிரித்துவிட்டாள். "இத்தன வருஷத்துல ஓட்டல்ல என் பேரக் கேட்டது இதுதாங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில், தட்டுகள் அடுக்கிய சக்கர வண்டி ஒன்று யாரும் தள்ளாமல் உருண்டு வந்தது. எங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்று, "தயவுசெய்து வழி விடவும்" என்றது. உன் அம்மா மரியாதையாக எழுந்து நின்று வழிவிட்டாள்.

"உக்காரு வசந்தா. அதுக்கு என்னா தெரியப்போவுது?"

"தெரியலன்னா போவுது. கேட்டுச்சுல்ல?"

அவள் தோசையின் ஓரத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டபோது நான் கேட்டேன்: "உனக்கு ரவா தோசை புடிக்குமா?"

"புடிக்கும்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து" என்றாள். இன்னொரு துண்டு ஒடித்தாள். "நல்லாதான் இருக்கு. ஆனா சிதம்பரத்துல கலியபெருமாள் கொண்டாந்து வெப்பாரே, அது மாதிரி இல்ல."

"அது தப்பா வந்த தோசையாச்சே?"

உன் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மாசா மாசமா ஒருத்தருக்குத் தப்பா வரும்?" என்றாள்.

கலியபெருமாள் யார் என்பது உனக்கு நினைவிருக்காது. நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, இனி நீ தனியாக இருந்துகொள்வாய் என்ற தைரியத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமை அம்மாவை என்னோடு சிதம்பரம் கூட்டிப்போக ஆரம்பித்தேன். எனக்கு அங்கே செய்திக்காகப் பார்க்க வேண்டியவர்கள் இருந்தார்கள். அவளுக்கு நடராஜர் கோயில், அதன்பின் அண்ணாமலை நகரில் உன் பெரியம்மா வீடு. கடலூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி இறங்கி, சாமி பார்த்துவிட்டு மேல வீதி ஓட்டலுக்குப் போவோம். அங்கே ஹாலில் எட்டு மேசைக்கு ஒரே சப்ளையர் கலியபெருமாள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எட்டு மேசை ஆர்டரையும் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் மனத்தில் வைத்திருப்பார். ஹாலின் கோடியில் சமையலறைப் பக்கம் ஒரு ஜன்னல். அதன் முன்னால் போய் நின்று, "ஏழுல ரெண்டு ரோஸ்ட்டு, மூணுக்கு ஒரு பொங்கல், ஒரு காபி சக்கர கம்மி!" என்று ஒரே மூச்சில் கூப்பிடுவார். உள்ளேயிருந்து தோசை மாஸ்டர் திருப்பிச் சொல்வார். அந்த இரண்டு குரலும் சேர்ந்துதான் அந்த ஓட்டல்.

அவர் வேலையை நான் அப்போதே வியந்து பார்த்திருக்கிறேன். நான் வியந்தது எதை என்பதைச் சொல்கிறேன், அதில்தான் என் முட்டாள்தனம் இருக்கிறது. சிதம்பரம் கோர்ட்டில் பாகப் பிரிவினை வழக்கு நடக்கும் நாளில் அண்ணன் தம்பிகள் இரண்டு தரப்பும் அந்த ஓட்டலுக்குத்தான் சாப்பிட வருவார்கள். யார் எந்தத் தரப்பு என்று அவருக்குத் தெரியும். ஒரு தரப்பைத் தூணுக்கு இந்தப் பக்கமும் மறு தரப்பைச் சுவரைப் பார்த்தும் உட்கார வைப்பார், ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல். இலைமேல் கையை வைத்துப் போதும் என்று மறைப்பார்களே, அதிலும் அவருக்குக் கணக்கு உண்டு. விரல்கள் சேர்ந்திருந்தால் வயிறு நிறைந்தது, விரல்கள் விரிந்திருந்தால் கூச்சம். விரிந்த விரலுக்கு மேலே கரண்டியைப் பிடித்தபடி ஒரு நொடி நிற்பார். கை தானாக விலகும். இதை வைத்து ஒரு துணுக்குச் செய்திகூட எழுதலாம் என்று நினைத்தேன். ஊரார் கைகளை அவர் படிப்பதைப் பார்த்த எனக்கு, என் மேசையில் அவர் என்ன படித்துக்கொண்டிருந்தார் என்பது தெரியவில்லை.

சிதம்பரத்தில் இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு விசேஷம். முதல் மாதமே நான் அம்மாவைக் கேட்காமல், "அவுங்களுக்கும் ரெண்டு இட்லி கொத்சு" என்றேன். பிறகு ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னேன். சில மாதம் கழித்து, கலியபெருமாள் அவள் இலையில் கொத்சு ஊற்றாமல் போவதைக் கவனித்தேன். ஆமாம், அதை மட்டும் கவனித்தேன். "என்னாப்பா, அவுங்களுக்குக் கொத்சு போடலயே" என்று கூப்பிட்டு இரண்டு கரண்டி ஊற்றச் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா இலையைப் பார்த்தாள். அவர் ஊற்றினார். இட்லி முடியும் நேரத்தில் ஒரு வெங்காய ரவா தோசையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, "யாரோ கேட்டாங்கன்னு எடுத்தாந்துட்டேம்மா, இப்ப வேணாங்கிறாங்க. வீணாப் போவுது, சாப்புடுங்க" என்பார். அடுத்த மாதம் வேறு காரணம். டேபிள் மாறிப்போச்சு. உள்ள ஒண்ணு ஜாஸ்தியா போட்டுட்டாங்க. இப்படியே இரண்டு வருடம்.

ஒரு சனிக்கிழமை எனக்கு அவசரம், பேட்டிக்கு ஓட வேண்டும். அன்றும் அந்தத் தோசை வந்தது, அதனால் அம்மா எழுந்திருக்க நேரமானது. அவள் கை கழுவப் போயிருந்தபோது கல்லாவில் நின்று முதலாளியிடம் சொன்னேன்: "உங்க ஆளுக்கு ஆர்டர் ஞாபகம் நிக்கல சார். மாசா மாசம் தப்பு. ஹாலுக்கு வேற ஆளப் போடுங்க." பத்திரிகைக்காரன் சொன்னது. முதலாளிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்த மாதம் போனபோது கலியபெருமாள் வாசல் ஓரத்துப் பார்சல் இடத்தில் நின்று பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். ஹாலில் கையில் சீட்டோடு வேறொருவர். சொன்னது உடனே நடந்ததில் எனக்கு அன்று ஒரு திருப்தி இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதற்கடுத்த மாதத்திலிருந்து அம்மா முட்டி வலி என்று சிதம்பரம் வருவதை நிறுத்திவிட்டாள். நான் தனியாகப் போகும்போதெல்லாம் கலியபெருமாள் பொட்டலத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "அம்மா வரலயா சார்?" என்று கேட்பார். முட்டி வலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

மஞ்சக்குப்பத்தில் அந்த மேசையில் உட்கார்ந்தபடியே நான் செய்தியைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். இரண்டு விவரம் எப்போதும் என் கண் முன்னால் இருந்திருக்கிறது. ஒன்று, ரவா தோசைக்கு நேரம் பிடிக்கும், கரைத்து ஊற்றி வேகவிட்டு எடுக்கப் பத்து நிமிடமாவது ஆகும். எங்கள் இட்லி முடிகிற நேரத்துக்குச் சரியாக அது வர வேண்டுமானால், நாங்கள் வாசலில் நுழையும்போதே அது தோசைக்கல்லில் விழுந்திருக்க வேண்டும். தப்பாக வருகிற தோசை மாதா மாதம் அப்படி நேரம் பார்த்து வராது. இரண்டாவது, அந்த ஓட்டலில் ஒவ்வொரு ஆர்டரும் ஹாலுக்கே கேட்கும்படி ஜன்னலில் கூப்பிடப்படும். இந்தத் தோசைக்கு மட்டும் கூப்பிட்ட குரலை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அவர் ஒவ்வொரு மாதமும் சமையலறைக்குள்ளேயே போய், எங்களுக்குக் கேட்காமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கடலூரில் முப்பத்திரண்டு வருடம் நிருபர். பக்கத்து மேசையில் பேசுவதிலிருந்து செய்தி எடுத்தவன். என் சொந்த மேசையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஏன் வசந்தா, கத்திரிக்கா புடிக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ஒத்துக்காது. வாயெல்லாம் அரிக்கும். வூட்ல உங்களுக்கும் தம்பிக்கும் வெச்சிட்டு நான் ரசம் ஊத்திக்கறத எப்பனா பாத்திருக்கீங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "மொத தடவ ஆசையா சொன்னீங்க, சிதம்பரம் வந்துட்டு கொத்சு சாப்புடாம போவாங்களான்னு. சரின்னு இருந்துட்டேன். ரெண்டாம் தடவையும் சொன்னீங்க. அப்புறம் அதுவே பழக்கமாப் போச்சு."

"கல்லாவுல நான் சொன்னது தெரியுமா உனக்கு?"

"கை கழுவிட்டு வந்து உங்க மூஞ்சியப் பாத்தேன். அடுத்த மாசம் அவரு பார்சல்ல நின்னாரு. இதுக்கு மேல என்னா தெரியணும்?"

"அதனாலதான் அப்புறம் வரலையா?"

"முட்டியும் வலிச்சிது" என்றாள்.

சனிக்கிழமை இருவரும் சிதம்பரம் போனோம். பத்திரிகையில் தப்புச் செய்தி போட்டுவிட்டால் மறுநாள் உள்பக்கத்தில், ஒரு மூலையில், பொடி எழுத்தில் திருத்தம் போடுவோம். தப்பு முதல் பக்கத்தில் வந்திருக்கும், திருத்தத்தைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். என் காலத்தில் அப்படி எத்தனையோ போட்டிருக்கிறேன். இந்தத் திருத்தத்தை அப்படிப் போடக் கூடாது, தப்பைச் சொன்ன இடத்திலேயே, அதே சத்தத்தில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

கலியபெருமாள் பார்சல் இடத்தில்தான் இருந்தார். தலை நரைத்துவிட்டது. மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, இலை மடிப்பைச் சுற்றி, ஒரு சுண்டு சுண்டி அறுப்பது மட்டும் பழைய வேகம். போனைப் பார்த்தபடி நாலைந்து டெலிவரி ஆட்கள் எதிரில் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நூலை விட்டுவிட்டார்.

"வாங்கம்மா! வாங்க சார். அம்மா, முட்டி தேவலயா? படி ஏறிட்டீங்களா?"

"தேவல கலியபெருமாள். நீங்க நல்லாருக்கீங்களா?"

"இருக்கேம்மா. உள்ள போயி உக்காருங்க, வெயில்ல நிக்காதீங்க."

நான் உள்ளே போகவில்லை. "கலியபெருமாள், ஒரு விஷயம் சொல்லணும். உங்கள ஹால்லேர்ந்து மாத்தச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"கல்லாவுல நின்னு சொன்னீங்க. நான் உங்க பின்னால எட்டாம் நம்பருக்குத் தண்ணி வெச்சிக்கினு இருந்தேன்."

பத்து வருடம். அதன்பிறகு நான் போன ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் தலை நிமிர்த்தி, அம்மா வரலையா என்றுதான் கேட்டிருக்கிறார். "அப்ப ஏன் நீங்க ஒண்ணும் சொல்லல? தப்பு உங்களுது இல்லன்னு மொதலாளிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவர் டெலிவரி ஆட்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னான்னு சார் சொல்றது? உங்க வூட்டம்மாவுக்குக் கொத்சு ஒத்துக்கல, ஓரமா ஒதுக்கி வெக்கிறாங்க, அது உங்களுக்குத் தெரியலன்னா? கல்லாவுல நாலு பேரு நிக்கிறாங்க. நீங்க பேப்பர்ல எழுதறவரு. உங்களப் போயி அப்படிச் சொல்லலாமா?"

செந்தில், உபசாரம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டிருந்தால், இலை, தண்ணீர், சூடு, முகமலர்ச்சி என்று ஏதாவது எழுதியிருப்பேன். தன் வேலையில் குறை சொல்லித் தன்னை இறக்குகிறவன் நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்று ஒருவர் வாயை மூடிக்கொண்டு பின்னால் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார் என்பதை நான் எந்தத் தலைப்பில் போடுவது? அவர் அம்மாவை மட்டும் கவனிக்கவில்லை. அந்த மேசையில் நானும் அவருடைய விருந்தாளியாகத்தான் இருந்திருக்கிறேன். உன் அம்மாதான் கேட்டாள்.

"ரவா தோசைன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லயே. உங்களுக்கு எப்புடித் தெரிஞ்சிது?"

"பக்கத்து டேபிளுக்கு நான் ரவா தோச எடுத்துக்கினு போனா உங்க கண்ணு கூடவே வரும்மா. ரெண்டு மாசம் பாத்தேன். மூணாம் மாசம் வெச்சிட்டேன்" என்றார், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

அதன்பிறகு கல்லாவுக்குப் போனேன். நல்ல வேளையாக அங்கே நாலு பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். முதலாளியிடம் சத்தமாகச் சொன்னேன்: "பத்து வருஷம் முன்னால இங்க நின்னு, கலியபெருமாளுக்கு ஆர்டர் ஞாபகம் நிக்கலன்னு சொன்னேன். அது தப்புச் செய்தி. அவரு ஒரு தப்பும் பண்ணல. என் பொண்டாட்டிக்கு என்னா புடிக்கும்னு எனக்குத் தெரியல, அவருக்குத் தெரிஞ்சிருந்திது. திருத்தம் போட வந்திருக்கேன்." முதலாளி முதலில் விழித்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "பேப்பர்க்காரரு நேர்ல வந்து திருத்தம் போட்டு இன்னிக்குத்தான் சார் பாக்குறேன்" என்றார். நான் சிரிக்கவில்லை. கலியபெருமாளை ஹாலுக்குத் திருப்பிப் போடுங்கள் என்றேன்.

அப்போதுதான் முதலாளி மேசை இழுப்பறையிலிருந்து உன் கம்பெனி அனுப்பிய மாதிரிப் படத்தை எடுத்துக் காட்டினார். அதில் எட்டு மேசை பன்னிரண்டாகியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் திரை. ஹாலில் ஆள் நிற்கும் இடமே இல்லை. கோடியில் இருக்கும் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அங்கே ஆர்டர் சீட்டு அடிக்கும் மிஷின். "உங்க பையன் போட்டதுதான் சார் இது. ஜன்னல அடைச்சப்புறம் அங்க கலியபெருமாள நிறுத்தி நான் என்னா பண்றது? ஆளு இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். உங்க பையன ஜன்னல விட்டுத் தரச் சொல்லுங்க, நாளைக்கே அவர ஹால்ல போடுறேன்" என்றார். ஆக, நீ சொல்லச் சொன்ன வார்த்தையை நான் சொல்லுமுன்பே அவர் திரைக்குச் சம்மதித்திருந்தார். பாக்கி இருப்பது நீ எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைதான்.

உன் திரையை நான் குறைசொல்லவில்லை. அப்படி நினைத்துவிடாதே. முப்பத்தோரு வருடம் நான் கேட்காத கேள்வியை அது முதல் நாளே கேட்டது, பதிலுக்கு ஏழு நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தது, அவள் பெயரைச் சொல்லி நன்றி சொன்னது. உன் அம்மா தன் வாயால் சொல்லத் தயங்கியதை விரலால் சொல்ல வைத்தது நீ செய்த பொருள்தான். அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. திரை கேட்டது. கலியபெருமாள் கேட்காமலே பார்த்தார். நான் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. தை மாதம் மேல்பட்டாம்பாக்கத்தில் கவிதா கழுத்தில் தாலி கட்டப் போகிறாய். உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அவளுக்கு என்ன வேண்டும் என்று முதல் மாதமே கேள். கேட்டுவிட்டோம் என்று நின்றுவிடாதே, அவள் இலையையும் பார். எதை ஓரமாக ஒதுக்குகிறாள், எது போகும்போது அவள் கண் கூடவே போகிறது என்று பார். ஆசையாகச் செய்கிறோம் என்பது ஒரு பெரிய திரை, அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. உன் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்றிலேயே கலியபெருமாள் பெயரை என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர் வருகிறார். அவரை முதல் பந்தியில் உட்கார வை, நீயே பரிமாறு.

அந்தக் காலை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி அன்று ஒரு வேளைக்கு அவரை ஹாலுக்கு அனுப்பினார். அவர் பார்சல் கட்டும் இடத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் எப்போதும் உட்காரும் தூண் ஓர மேசை. எதிரில் வந்து நின்று, இட்லி, வடை, பொங்கல், பூரி என்று வரிசையாக ஒப்பித்தார். ரவா தோசையைக் கடைசியில் சொன்னார். என் வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா என்னா சாப்புடுறீங்க?"

செவ்வாய்க்கிழமை ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டவள் இன்று ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "ரவா தோச. வெங்காயம் போட்டு, முறுகலா" என்றாள்.

கலியபெருமாள் ஹாலைக் கடந்து ஜன்னல் முன்னால் போய் நின்றார். இந்தத் தோசைக்காக அவர் அங்கே நிற்பது இதுதான் முதல் முறை. "தூண் டேபிளுக்கு ஒரு வெங்காய ரவா! முறுகலா!" என்று கூப்பிட்டார். பத்து வருடம் பொட்டலம் கட்டிய ஆளின் குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே தோசைக்கல்லைத் தேய்க்கும் சத்தம் நின்றது. தோசை மாஸ்டர் ஆர்டரைத் திருப்பிச் சொல்லவில்லை. ஜன்னலில் குனிந்து, கரண்டியோடு தலையை வெளியே நீட்டி, ஹால் முழுவதும் தேடினார்.

"யாரு, கடலூர் அம்மாவா? வந்துட்டாங்களா?"

அந்த ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. புறப்படும்போது, உன் அம்மா கை கழுவப் போன நேரத்தில் கலியபெருமாளிடம் நூல் வாங்கி ஜன்னலை அளந்துகொண்டு வந்தேன். அகலம் இரண்டரை அடி, உயரம் இரண்டு அடி. அதை அடைக்காதே.

உன் அப்பா